நடவுக்கு நவம்பர் ஆகாது!
வாசகர் கேள்வி – பதில்

வட சென்னையிலிருந்து கழனியைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. செங்குன்றம் தாண்டினால் சோழவரம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. ஊருக்கும் உழவுக்கும் தொடர்பு ஏற்படுத்த நினைத்து எழுதியவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

*

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர். குழந்தைகள் தினத்தன்று சோழவரம் பக்கம் அழைத்துப் போய் நாற்று நட வைக்க ஆசை. என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– ஆசிரியை, கொளத்தூர்

முதல் ஏற்பாடு, தேதியை மாற்றுவது. நவம்பர் 14-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா நட்டு முடித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். பயிர் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விட்டு, கதிருக்குத் தயாராகும் நேரம். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையும் உச்சத்தில் இருக்கும். அன்றைக்கு நட வேண்டுமென்றால் யாராவது உங்களுக்காக ஒரு மூலையில் சேறு கலக்கி நாடகம் போட வேண்டும். சில இடங்களில் காசு வாங்கிக்கொண்டு அப்படிச் செய்கிறார்கள். நட்டதை மறுநாள் பிடுங்கிப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பதுதான் வருத்தம்.

இந்தப் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம், அதாவது சாகுபடிப் பருவம். ஆவணியில் நாற்று விட்டு நடும் சம்பா, மார்கழி – தையில் வரும் நவரை, சித்திரை – வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி. பள்ளிக்கு ஏற்றது நவரை. பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 22-லிருந்து மாதக் கடைசிக்குள் வையுங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பள்ளியும் நடக்கும். சொர்ணவாரி நடவு ஜூன் வெயிலில் விழும், பத்து மணிக்கே பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

டிசம்பர் தொடக்கத்திலேயே விவசாயியைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் நாற்றங்கால் விடும் தேதியிலிருந்துதான் உங்கள் தேதியைக் கணக்கிட முடியும். ஒற்றை நாற்று நடவுக்கு 14 நாள் நாற்று என்பார்கள். அது பிஞ்சு, பழகாத கையில் தண்டு நசுங்கிவிடும். பிள்ளைகளுக்கு 22 முதல் 25 நாள் நாற்று, குத்துக்கு (ஓரிடத்தில் சேர்த்து ஊன்றுவது) இரண்டு என்று கேளுங்கள்.

இடம் ஒரு சென்ட் போதும். 40 சதுர மீட்டர், அதாவது தலைக்கு ஒரு சதுர மீட்டர். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிறு கட்டினால் ஒரு சதுர மீட்டரில் 16 குத்து வரும். ஒரு பிள்ளைக்கு 16 குத்து, 32 நாற்று. இருபது நிமிட வேலை. அதற்கு மேல் நீட்டினால் நடவு நின்று சேற்றை வாரி இறைப்பது தொடங்கும். ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இறக்காதீர்கள். மற்றவர்கள் நாற்றங்காலில் நாற்றுப் பறித்து, வேரை அலசி, முடியாக (சிறு கட்டாக) நாற்றைக் கட்டட்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு இடத்தில். பரம்படித்த (பலகையால் சேற்றைச் சமன்படுத்திய) அன்றே இறங்கினால் சேறு படிந்திருக்காது, நாற்று உள்ளே போய்விடும். ஒருநாள் முன்னதாகப் பரம்படித்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கணுக்கால் அளவு நின்றால் நட்டது மிதக்கும். விரற்கடை அளவுக்கு வடித்துவிட வேண்டும். மூன்றாவது, ஆழம். பிள்ளைகள் ஆணி அடிப்பதுபோல் அழுத்துவார்கள். நாற்று இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் தூர் வெடிப்பது தள்ளிப்போகும், குறையும். ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை என்று சொல்லிக் கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நான்காவது, காலடிக் குழி. பின்னோக்கி நகர்ந்தபடியே நட வேண்டும். முன்னோக்கிப் போனால் நட்டதை மிதிப்பார்கள், குழியில் விழுந்த நாற்று அழுகும்.

சொல்லிக் கொடுக்க ஆசிரியர்கள் வேண்டாம். அந்த ஊர் நடவுப் பெண்கள் நான்கு பேரை அமர்த்துங்கள், அரைநாள் வேலைக்கும் முழுநாள் கூலி கொடுங்கள். விவசாயிக்கும் அந்த ஒரு சென்ட்டின் விளைச்சல் மதிப்பையாவது முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் நட்டதில் கால்வாசி சாய்ந்தாலும் அவர் முகம் சுளிக்க மாட்டார்.

காலில் ஆறாத புண் உள்ளவர்களை வரப்பிலேயே நிறுத்துங்கள். சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் புண் வழியாக எளிதில் ஏறும். ஒரு பெரியவர் முன்னால் நடந்து நத்தை ஓடு, கண்ணாடிச் சில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவப் போதுமான தண்ணீர், மாணவிகளுக்குக் கழிப்பறை, இந்த இரண்டும் உறுதியாகாமல் பேருந்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். பக்கத்துக் கழனியில் மருந்தடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள். விதைத்து 105 நாளில் அறுப்புக்கு வரும் ரகம் என்றால் மார்ச் மூன்றாவது வாரத்தில் பூக்கும். அப்போது ஒருமுறை, நடவுக்கு வந்த அதே பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காலை 9 மணிக்கு மேல் வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உற்றுப் பார்த்தால், பச்சை உமி இரண்டாகப் பிளந்து வெள்ளை மகரந்தப் பைகள் வெளியே தொங்குவது தெரியும். ஒரு மணி நேரம்போல் திறந்திருந்து மூடிவிடும். சோறு தின்னும் நம்மில் நெற்பூவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

*

எங்கள் குடியிருப்பில் 120 வீடு. பெரியபாளையம் பக்கத்து விவசாயிகள் இருவரை ஞாயிறுதோறும் நேரடியாகக் காய் விற்க அழைத்தோம். முதல் வாரம் கூட்டம் அலைமோதியது. நான்காவது வாரம் அவர்கள் வரவே இல்லை. தவறு எங்கே?
– சங்கச் செயலாளர், பெரம்பூர்

கிழமையில் ஒன்று, கணக்கில் ஒன்று.

வட சென்னையில் ஞாயிறு காலை என்றால் காசிமேடு. பையை எடுத்துக்கொண்டு வஞ்சிரமும் சங்கராவும் வாங்கப் போகிறவர், வாசலில் நிற்கும் வெண்டைக்காயைத் திரும்பிப் பார்க்க மாட்டார். புரட்டாசி மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை காலை 6.30 முதல் 8.30 வரை என்று மாற்றுங்கள். மாலை வேண்டாம், விடியலில் பிடுங்கிய கீரை சாயங்காலம் வரை நிற்காது.

இனி கணக்கு. குட்டியானை வண்டி வாடகை, இரண்டு பேரின் அரைநாள் கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், கோயம்பேட்டில் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போவதே மேல் என்று தோன்றிவிடும். அப்படியானால் 8,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். வீட்டுக்கு 200 ரூபாய் என்றால் 40 வீடு, ஒவ்வொரு வாரமும், தவறாமல். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்த 100 வீடு கணக்கில் சேராது.

ஆகவே மாதச் சந்தா போடுங்கள். 40 வீட்டார் மாதத் தொடக்கத்தில் 800 ரூபாய் கட்டிவிட வேண்டும். ஊருக்குப் போனால் அந்த வாரப் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பணம் திரும்பாது. புதன் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல் போய்விட வேண்டும். சனியன்று வந்து நின்று "கத்தரிக்காய் கொண்டு வரலையா?" என்று கேட்பதில் பயனில்லை.

பட்டியலில் எது இருக்கும், எது இருக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, பாகல், வாழைக்காய், கீரை கிடைக்கும். கேரட், முட்டைக்கோஸ், உருளை கிடைக்காது, அது மலைக்காய். இதைச் சொல்லாமல் விட்டால், வெளியே வாங்கிவந்து தன் காயோடு கலந்து விற்கும்படி நீங்களே விவசாயியைத் தள்ளுகிறீர்கள்.

கீரைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். 40 வீட்டுக்கு இரண்டு கட்டு என்றால் 80 கட்டு. கட்டு கால் கிலோ என்றால் 20 கிலோ. முளைக்கீரை 25 நாளில் அறுப்புக்கு வரும். சுமாராக விளைந்தால் சென்ட்டுக்கு 40 கிலோ. எனவே வாரம் அரை சென்ட் வீதம் நான்கு பாத்தியில் அடுத்தடுத்து விதைத்தால் சங்கிலி அறாது. அரை சென்ட்டுக்கு ஐந்தாறு கிராம் விதை. அதோடு பத்து மடங்கு மணல் கலந்து தூவ வேண்டும், இல்லையென்றால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். எறும்பு இழுக்காமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிப்போகும். உங்களுக்கு வாரம் ஒருமுறைதான் வேண்டும் என்றால், மற்ற நாள் பறிப்பு மண்டிக்குத்தான் போகும். "எங்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும்" என்ற நிபந்தனை சில குடியிருப்புகளில் போடுகிறார்கள். அர்த்தமில்லாத நிபந்தனை.

விலைக்குச் சண்டை வராமலிருக்க, அன்றைய உழவர் சந்தைப் பலகை விலையை அடிப்படையாக வையுங்கள். தராசில் தொழிலாளர் துறையின் காலாவதியாகாத முத்திரை இருக்க வேண்டும். மீந்த காயைத் திருப்பி அனுப்பாதீர்கள். 8.30-க்கு மேல் இருப்பதைச் சங்கமே பாதி விலைக்கு எடுத்து, காவலாளி, துப்புரவுப் பணியாளர் வீடுகளுக்குக் கொடுக்கலாம்.

*

உழவர் சந்தையில் உட்காருபவர்கள் நிஜமாகவே விவசாயிகள்தானா?
– இல்லத்தரசி, திருவொற்றியூர்

பெரும்பாலும் ஆமாம். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை தொடங்கியபோதே விவசாயிக்குப் புகைப்பட அடையாள அட்டை, இலவசத் தராசு, தரகு கிடையாது என்று வகுத்தார்கள். மொத்த விலையைவிட 20 சதவீதம் கூடுதலாக, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாக விலை வைப்பது கணக்கு. உங்களுக்கு எட்டும் தூரத்தில் செங்குன்றம் நாரவாரிக்குப்பத்தில் ஒன்று இருக்கிறது.

ஆளைத் தெரிந்துகொள்ளச் சுலப வழி, எத்தனை வகைக் காய் வைத்திருக்கிறார் என்று பார்ப்பது. மூன்று நான்கு வகை, அதிலும் கோணலும் சிறுசும் கலந்திருந்தால் தோட்டத்துக்காரர். ஒரே அளவில் பொறுக்கிய பதினைந்து வகை இருந்தால் சந்தேகப்படலாம். மலைக்காய் விற்கத் தனி ஏற்பாடும் உண்டு, அவர்களைக் குறை சொல்லாதீர்கள். "எப்போ விதைச்சீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விவசாயி என்றால் பதில் நீளும்.

*

பகுதிவாசிகள் பத்துப் பேர் சேர்ந்து மொட்டைமாடித் தோட்டம் போட்டோம். போர் தண்ணீர்தான். பீன்ஸ், தக்காளி எல்லாம் ஓரம் கருகுகிறது. உரம் போதவில்லையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

உரம் போட்டால் இன்னும் கருகும். இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனியிலும் ஓரத்திலும் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால் உப்பு. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் உள்ளே ஏறியது பல பத்தாண்டுக் கதை. கடலோரத்தில் இருக்கும் உங்கள் போரும் உப்பாக இருப்பதில் வியப்பில்லை.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். பீன்ஸ் ஏறக்குறைய 450 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 450 பங்கு) தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி 1,100 வரை பொறுக்கும். பீட்ரூட் 1,700 வரை போகும். இது நிலத்துக் கணக்கு. பையில் உப்பு வடிய வழி குறைவு, ஆகவே இன்னும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். 1,500-க்கு மேல் காட்டினால் பீன்ஸை மறந்துவிட்டு பீட்ரூட் போடுங்கள்.

தென்னை நார்க்கழிவிலும் உப்பு வரும். கட்டியை ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, வடியும் தண்ணீரையும் மீட்டரில் பாருங்கள். பையில் நிரப்பச் செம்மண் இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பையின் அடிப்பக்கம் நான்கு துளை அடைபடாமல் இருக்க வேண்டும். 12 அங்குல விட்டமும் உயரமும் உள்ள பை நனைந்தால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும், அதனால் மாடியின் நடுவில் குவிக்காமல் கீழே சுவரோ தூணோ உள்ள ஓரமாக வையுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். அந்த நல்ல தண்ணீருக்கு மழையைப் பிடியுங்கள். 500 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர். ஆர்ஓ கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

*

குப்பைக் கிடங்கை ஒட்டிய காலி இடத்தில் பொதுக் கீரைத் தோட்டம் போட இளைஞர்கள் தயாராக இருக்கிறோம். சரிதானே?
– கொடுங்கையூர்

உற்சாகத்தைக் கெடுக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். கீரை வேண்டாம். மண்ணில் ஈயம், காட்மியம் இருந்தால் காயைவிட இலையில்தான் அதிகம் சேரும், கழுவினாலும் போகாது. அந்த மண்ணில் நித்தியமல்லி, அரளி, பூவரசு வையுங்கள். சாப்பிடும் செடி வேண்டுமானால் வெளியிலிருந்து வாங்கிய மண்ணைப் பையில் நிரப்பி, கீழே தடித்த தார்ப்பாய் விரித்து அதன்மேல் வையுங்கள். இடம் யாருடையது என்று எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு செடிகூட நடாதீர்கள்.

*

என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் முகாமுக்குப் பொன்னேரி பக்கம் போகிறோம். விவசாயிகளுக்கு இயற்கை விவசாயம் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

முப்பது ஆண்டாகக் கழனியில் நிற்பவருக்கு ஏழு நாளில் நீங்கள் விழிப்புணர்வு ஏற்படுத்துவதா, தம்பி? பேரணியும் பதாகையும் வேண்டாம். அவருக்கு நேரமில்லாமல் விட்டுப்போகிற ஒரு வேலையைச் செய்துகொடுங்கள். மண் மாதிரி எடுப்பது அப்படிப்பட்ட வேலை.

அறுவடை முடிந்து, அடியுரம் போடாத வயலாகத் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் அறுத்த நெல் தாளை ஒதுக்கி, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல கனத்தில் ஒரு வில்லை சீவி எடுங்கள். இப்படி ஒரு வயலில் 10 முதல் 15 இடம். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் மதகு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, பெயர், சர்வே எண், போன பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் எழுதிய சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். உரம் வந்த சாக்கில் மட்டும் மண்ணைப் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் யூரியா முடிவையே மாற்றிவிடும்.

எங்கே கொடுப்பது என்று வேளாண் விரிவாக்க மையத்திலோ, திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். முடிவு முகாம் முடிந்த பிறகுதான் வரும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்து படித்துக் காட்டுவதும் உங்கள் வேலைதான். பல குழுக்கள் இந்தக் கடைசிப் படியில்தான் காணாமல் போகின்றன. கொருக்குப்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு ரயில் இருக்கிறது, சாக்குச் சொல்ல முடியாது.

*

ஆடு, கோழி வளர்ப்புப் பயிற்சி பக்கத்தில் எங்கே?
– வியாசர்பாடி

மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். அப்படியே அதே மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காவையும் பார்த்துவிட்டு வரலாம்.

*

மகளிர் குழுவில் 30 பேர். வயலுக்குப் போகப் பலருக்கு முடியாது. செங்குன்றம் அரிசி ஆலையைப் பார்ப்பது பயன்படுமா?
– மூலக்கடை

நன்றாகப் பயன்படும். நம் தட்டுக்கு வரும் அரிசி எப்படி அரிசியாகிறது என்பது அங்கேதான் தெரியும். 15 பேராக இரண்டு தடவை போங்கள். சம்பா நெல் வந்து ஆலை முழுமூச்சாக ஓடும் பிப்ரவரி – மார்ச் நல்ல காலம். இழைப்பு உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகக் கூடாது, உமித் தூசு பொல்லாதது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், பெல்ட்டு ஓடும் இடம்.

நெல் ஊறும் தொட்டி, ஆவி ஏற்றும் கலம், உலர்த்தி, உமி நீக்கும் ரப்பர் உருளை, தீட்டும் இயந்திரம், கறுத்துப்போன அரிசியைப் பிரிக்கும் கருவி என்று வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். கொதிகலனில் எரிவது பெரும்பாலும் அதே நெல்லின் உமிதான் என்பதையும் கவனியுங்கள். 100 கிலோ நெல்லுக்கு அரசுக் கணக்கில் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ. மீதியில் 20 கிலோவுக்கு மேல் உமி, மற்றது தவிடும் தூசும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிச் சிறு உறைகளில் போடுங்கள். நெல், உமி, தீட்டாத பழுப்பரிசி, தவிடு, நொய், தீட்டிய அரிசி. குழுக் கூட்டத்தில் வரிசையாகப் பரப்பினால் வராதவர்களுக்கும் புரியும். கூட்டத்தை இரண்டு நாளுக்குள் வைத்துவிடுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அதற்கு மேல் சிக்கு வாடை அடிக்கும்.